பட்டி பார்த்த குண்டு

வெர்லின் ஸ்டாக்டேல் வீட்டுக் கண்ணாடி வராந்தாவில் நிற்கும் காலிப் பீரங்கிக் குண்டுகள் வெயில் ஏறியதும் பேசத் தொடங்கும். மேகம் மறைத்தால் நிறுத்திக்கொள்ளும். மேகம் விலகினால் விட்ட வார்த்தையிலிருந்து தொடரும். பேசுவதெல்லாம் பெண்கள். பேச்சு உருளைக்கிழங்கைப் பற்றி இருக்கும், கால்வலியைப் பற்றி இருக்கும், மேஸ்திரியின் மீசையைப் பற்றி இருக்கும். எங்கள் ஹாலெக் ஊரில் இதை யாரும் அதிசயமாகச் சொல்லிக்கொண்டதில்லை. நெப்ராஸ்காவில் இருப்பவர்களுக்கு ஆலங்கட்டி மழையையும் வெட்டுக்கிளியையும் பார்த்துப் பார்த்து, வானத்திலிருந்தோ இரும்பிலிருந்தோ எது வந்தாலும் முதலில் துணியை உள்ளே எடுக்கத்தான் தோன்றும். தபால்காரர் மட்டும் கோடையில் அந்த வீட்டு வாசலில் கொஞ்சம் கூடுதலாக நிற்பார்.

யுத்த காலத்தில் எங்கள் ஊருக்குக் கிழக்கே ஆற்றங்கரையில் ஒரு வெடிமருந்து ஆலை இருந்தது. ஆண்பிள்ளைகள் கடல் தாண்டிப் போயிருந்ததால் வேலைக்குப் போனவர்கள் பெரும்பாலும் பெண்கள். வரிசையாக நிற்கும் வெற்றுக் குண்டுகளின் வாயில் புனல் வைத்து, காய்ச்சிய மருந்தை வெல்லப்பாகு ஊற்றுவது போல வாளியிலிருந்து ஊற்றுவார்கள். ஊற்றும்போது பேசாமல் இருக்க முடியுமா? மருந்து இறுகும்போது பக்கத்தில் நடந்த பேச்சும் அதோடு சேர்ந்து உள்ளே இறுகிவிட்டது. யுத்தம் முடிந்து மிஞ்சிய குண்டுகளை ராணுவத்தார் கொதிநீராவி பாய்ச்சிக் கழுவி, இனி இது வெறும் இரும்பு என்பதற்கு அடையாளமாக வயிற்றில் இரண்டு ஓட்டை போட்டு, எடைக்கு விற்றார்கள். மருந்து நீராவியோடு போய்விட்டது. பேச்சு போகவில்லை. விவசாயிகள் அவற்றை வாங்கிப் பண்ணை வாசலில் தூணாக நட்டார்கள், தபால் பெட்டிக்கு முட்டுக் கொடுத்தார்கள், கோழிக்கூட்டுக் கதவு காற்றில் அடிக்காமல் இருக்கச் சார்த்தி வைத்தார்கள். அங்கே காற்று போடுகிற சத்தத்தில் எதுவும் யார் காதிலும் விழவில்லை. பின்னால் சேகரிப்பவர்கள் தேடித் தேடி வாங்கிய குண்டுகளோ வெயில் படாத நிலவறைகளுக்குள் போய் ஊமையாயின. வெர்லினின் மனைவி ஆர்டித், "அந்தச் சனியனை எல்லாம் வீட்டுக்குள்ள கொண்டு வந்தா நான் வெளிய போயிடுவேன்" என்று சொன்னதால்தான் அவன் தன்னுடையவற்றைக் கண்ணாடி வராந்தாவில் வைத்தான். அப்படித்தான் விஷயம் தெரிய வந்தது.

வெர்லினின் அம்மா ஓப்பல் அந்த ஆலையில் வேலை பார்த்தவள். அவனுக்கு மூன்று வயது இருக்கும்போது, புருஷன் எங்கோ போய்விட்ட பிறகு, பிள்ளையைத் தன் அக்கா ஐடாவிடம் விட்டுவிட்டு ஆலை விடுதிக்குப் போனாள். முதலில் வாராவாரம் வந்தாள், அப்புறம் வருவதை நிறுத்தினாள். ஒரு வியாழக்கிழமை அவள் வேலையில் இருந்தபோது ஆலையின் நடுக்கொட்டகை வெடித்தது. அங்கிருந்தவர்களில் யாரையும் அடையாளம் சொல்லிப் புதைக்க முடியவில்லை. ஊர் இரண்டு விதமாகப் பேசியது: பாவம் போய்விட்டாள் என்று மரியாதைக்கு ஒரு பேச்சு, இருந்திருந்தாலும் அவள் பிள்ளையைத் தேடி வந்திருக்க மாட்டாள், யாரோ ஒரு ரயில்வேக்காரனோடு பழக்கம் என்று சமையலறையில் ஒரு பேச்சு. ஐடா இரண்டாவது பேச்சைப் பேசவில்லை, ஆனால் தடுக்கவும் இல்லை. பையன் கேட்கும்போதெல்லாம், "உன்னை எங்கிட்ட இறக்கி வச்சா, போனா. அவ்வளவுதான் எனக்குத் தெரியும். கோழிக்குத் தீனி போட்டியா?" என்பாள். சோறும் துணியும் குறைவில்லாமல் கொடுத்து வளர்த்தாள். சிரித்து வளர்க்கவில்லை.

அவன் வளர்ந்து பள்ளிப் பேருந்துகளைப் பழுது பார்க்கும் வேலைக்குப் போனான். பெரிய தலை. விதைக் கம்பெனி இலவசமாகக் கொடுக்கும் தொப்பி இல்லாமல் ஆண்பிள்ளைகள் வெளியே வராத எங்கள் ஊரில் தொப்பி போடாத ஒரே ஆள் அவன்தான். எந்தத் தொப்பியும் அவனுக்கு ஏறாது. இருபத்திரண்டு வயதில் பக்கத்துப் பண்ணை ஏலத்தில் வாசலில் நின்ற குண்டு ஒன்றை எடுத்தான். ஏன் எடுத்தான் என்று அவனுக்கே தெரியாது. அம்மா தொட்டிருக்கலாம் என்று நினைத்திருப்பான். எடுத்தவன் அதைச் சும்மா வைத்திருக்கவில்லை. பேருந்துப் பட்டறையில் பழகிய கை. உப்புத்தாள் போட்டுத் துருவைத் தேய்த்தான், அடியில் பொறித்திருந்த ஆலை எழுத்துகளும் சேர்ந்து தேய்ந்து போயின. வயிற்றில் இருந்த இரண்டு ஓட்டைகளும் அவனுக்கு அசிங்கமாகப் பட்டன. நசுங்கிய பேருந்துக் கதவுக்குப் பட்டி பார்ப்பதுபோல இரண்டையும் அடைத்து, வழித்து, மறுபடி தேய்த்து, ராணுவப் பச்சை அடித்து மஞ்சள் கோடு இழுத்தான். மூக்கில் ஒரு பழைய பித்தளை முனையைத் திருகி இறுக்கினான். மாவட்டப் பொருட்காட்சி மைதானத்தில் சேகரிப்பவர்கள் கூடும் கண்காட்சிக்குக் கொண்டு போனபோது, நேற்றுத்தான் ஆலையிலிருந்து வந்தது போல நின்றது. முதல் பரிசு ரிப்பன் கொடுத்தார்கள்.

இந்தச் சேகரிப்பவர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. ஒருவர் குண்டை மற்றவர் பார்க்க வந்தால், வணக்கம் சொல்வதற்கும் முன்னால் சுண்டுவிரலை அதன் ஓட்டைக்குள் விட்டுப் பார்ப்பார். விரல் போனால்தான் பேச்சு. நீ நல்லவனா என்று கேட்பதில்லை, உன் குண்டு காலியா என்று கேட்பார்கள். ஹாலெக்குக்கு வடக்கே பண்ணை வைத்திருந்த எமில் குப்கா அன்று அந்த மேசைக்கு வந்து, சுண்டுவிரலை நீட்டி, இடம் தேடித் தேடிப் பார்த்துவிட்டு, நீட்டிய விரலை அப்படியே வைத்துக்கொண்டு நின்றார்.

"ஓட்டை எங்கப்பா?"

"அடைச்சுட்டேன் மிஸ்டர் குப்கா. அழகா இல்ல?"

"அழகாத்தான் இருக்கு. பொணத்துக்குப் பவுடர் பூசி நாற்காலில உக்கார வச்சிருக்க. உயிரோட இருக்குன்னு எவனாவது நம்பிட்டா என்ன செய்வ?"

"உள்ள ஒண்ணும் இல்லையே."

"அது உனக்குத் தெரியும், எனக்குத் தெரியும். நாம செத்த பிறகு யாருக்குத் தெரியும்?"

திட்டினார், ஆனால் கண்ணை அதன் மேலிருந்து எடுக்க முடியவில்லை அவரால். கடைசியில் தன் வண்டியிலிருந்த மூன்று துருப்பிடித்த, ஓட்டை போட்ட குண்டுகளைக் கொடுத்துவிட்டு அதைத் தூக்கிக்கொண்டு போனார். வீட்டுக்குப் போய்ப் பட்டியைச் சுரண்டிவிடுவதாகச் சொன்னார். ஒவ்வொரு வருஷமும் சொன்னார். துணி போட்டு மூடிக் களஞ்சியத்தில் வைத்திருந்தார். சுரண்ட மனசு வரவில்லை.

அந்த மூன்று துருக் குண்டுகள்தான் கண்ணாடி வராந்தாவில் முதன்முதலாகப் பேசியவை. கல்யாணமான புதிது. ஆர்டித் வராந்தாவில் பட்டாணி உரித்துக்கொண்டிருந்தாள். காலை வெயில் குண்டின் முதுகில் விழுந்ததும் அவள் முட்டிக்குப் பக்கத்திலிருந்து ஒரு பெண், "ஃபெர்ன், உருளைக்கிழங்கைத் தோலோட சுடாதன்னு எத்தனை தரம் சொல்றது?" என்றாள். ஆர்டித் பதில் சொல்லிவிட்டுத்தான் நிமிர்ந்து பார்த்தாளாம். "தோலோட சுட்டாத்தான் ருசி" என்று சொன்னதாக அவளே பல தடவை சொல்லியிருக்கிறாள். அன்று மாலை வரை இருவரும் தரையில் உட்கார்ந்து கேட்டார்கள். ஒவ்வொரு குண்டிலும் அதை நிரப்ப எவ்வளவு நேரம் ஆனதோ அவ்வளவு பேச்சு; முடிந்ததும் முதலிலிருந்து. மூன்றாவது குண்டில், யாரோ ராகமில்லாமல் முனகுவதும், இன்னொருத்தி சலித்துக்கொள்வதும் கேட்டது: "ஓப்பல், நீ பாடினா மருந்து உறையாதுடி, நிறுத்து." அதற்கு ஒரு சிரிப்பு. அவ்வளவுதான். வெர்லின் எழுந்து போய்க் கிணற்றடியில் முகம் கழுவினான்.

அவனுக்கு வேண்டியது ஒன்றே ஒன்று. அம்மா தன்னைப் பற்றி ஒரு வார்த்தையாவது பேசியிருக்கிறாளா, வருவதாக இருந்தாளா, இல்லையா. நல்லதோ கெட்டதோ, தெரிந்தால் போதும். ரொட்டிக் கடைக்காரர் ஒருவர் விற்ற பழைய வேனை வாங்கினான். வெயிலில் அது கடைசிவரை ரொட்டி வாசம் அடித்தது. பள்ளிக்கூடம் கோடைக்கு மூடியதும் கிளம்பிவிடுவான்: கேன்சஸ், அயோவா, வயோமிங், ஒக்லஹோமா. பண்ணை வாசல்களில், படைவீரர் சங்கத்துப் புல்வெளிகளில், தேவாலயப் படிக்கட்டுகளில் நிற்கும் குண்டுகளின் அடியைத் துடைத்து, ஆற்றங்கரை ஆலையின் எழுத்துத் தெரிந்தால் மட்டும் விலை கேட்பான். முதலில் சுண்டுவிரலை விட்டுப் பார்ப்பான், பிறகு காதை வைப்பான். வாங்க முடியாத இடங்களில் ஒரு வெயில் நேரம் பக்கத்தில் நிற்க அனுமதி கேட்பான். பெரும்பாலும் கொடுத்தார்கள். ஒரு பாதிரியார் மட்டும், கடவுளின் வீட்டு வாசலில் மேஸ்திரியின் மீசையைப் பற்றி இப்படிப் பேசுவது சரியில்லை என்று குண்டைக் குளிர்ந்த நிலவறைக்கு மாற்றிவிட்டார்.

ஆர்டித் முதல் இரண்டு கோடை அவனைத் திட்டினாள். மூன்றாவது கோடையில் அவளும் வேனில் ஏறிக்கொண்டாள். காரணம் ஓப்பல் இல்லை, ஃபெர்ன். ஃபெர்னுக்கு இரண்டு சிப்பாய்கள் கடிதம் எழுதினார்கள். ஒருவன் இத்தாலியில், ஒருவன் பசிபிக்கில். அவள் இருவருக்கும் சரி என்று பதில் எழுதிவிட்டாள் என்பது கேன்சஸ் குண்டிலிருந்து தெரிந்தது. ஒருவன் விடுமுறையில் வருகிறான் என்பது அயோவா குண்டில். எவன் என்று தெரிவதற்குள் பேச்சு தீர்ந்துவிட்டது. "எவன்டி வந்தான்? இப்படி நடுவுல நிறுத்தினா நான் எப்படித் தூங்குறது?" என்று ஆர்டித் அந்தக் குண்டை உலுக்கினாள். வெர்லின் வண்டி ஓட்டுவான், அவள் மடியில் வரைபடத்தை விரித்துக்கொண்டு வழி சொல்வாள், பிளாஸ்கில் காபி, பொட்டலத்தில் பொரித்த பன்றி இறைச்சி ரொட்டி. வேனின் பின்புறம் குண்டுகளின் பாரத்தில் தரையோடு இழுபடும். ஜன்னல் வழியாக வெயில் பட்டால் பின்னாலிருந்து ஏழெட்டுப் பெண்கள் ஒரே சமயத்தில் பேசுவார்கள். பெட்ரோல் போடும் இடங்களில் பையன்கள் எட்டிப் பார்த்து, "எத்தனை பேர் வந்திருக்கீங்க?" என்று கேட்பார்கள்.

இப்படியே முப்பது கோடைகள் போயின. அவர்களுக்குப் பிள்ளை இல்லை. வராந்தாவைப் பக்கவாட்டில் நீட்டிக் கட்டினார்கள். வெர்லினின் தலைமுடி கொட்டி, தலை இன்னும் பெரிதாகத் தெரிந்தது. ஓப்பல் பல குண்டுகளில் வந்தாள். முனகினாள், சிரித்தாள், "வாளி வருது, விலகுங்கடி" என்றாள், ஒருமுறை யாருடைய ரொட்டியையோ தின்றுவிட்டு இல்லை என்று சாதித்தாள். வீட்டைப் பற்றி, பிள்ளையைப் பற்றி ஒரு சொல் இல்லை. ஒவ்வொரு குண்டையும் வெயிலில் நிறுத்தி முதல் தடவை கேட்கும்போது வெர்லின் நின்றுகொண்டுதான் கேட்பான். முடிந்ததும், "இதுல இல்ல" என்று சொல்லி அதை வரிசையில் சேர்ப்பான்.

எமில் குப்கா குளிர்காலத்தில் இறந்தார். அடக்கத்துக்குப் போய்வந்தார்கள். அந்தக் கோடையில் தெற்கு டகோட்டாவில், மாட்டுப் பண்ணை வைத்திருந்த கால் தாங்கி நடக்கும் ஒரு கிழவரின் வீட்டு வாசலில் ஆற்றங்கரைக் குண்டு ஒன்று நின்றது. விரல் விட்டுப் பார்த்தான், போனது. நடுப்பகல் வெயில்.

"அது எப்பவும் ஏதாவது முனகிட்டுத்தான் இருக்கும். மாடுங்களுக்குப் பழகிப்போச்சு" என்றார் கிழவர்.

குண்டு பேசியது. மேஸ்திரியின் மீசை. யாருக்கோ காலணி கடித்தது. பிறகு ஃபெர்னின் குரல், நிதானமாக, வேலைக்கு நடுவில் ஒன்றுமில்லாததைக் கேட்பது போல: "ஓப்பல், உனக்குப் பிள்ளை குட்டி எதுவும் உண்டாடி?"

வாளி இரும்பில் மோதும் சத்தம். அத்தோடு குண்டு நிறைந்துவிட்டது. மறுபடி மேஸ்திரியின் மீசை.

வெர்லின் முப்பது வருஷத்தில் முதல் தடவையாகப் புல்லில் உட்கார்ந்துவிட்டான். கிழவர் பயந்து தண்ணீர் கொண்டுவந்தார். அவன் குடித்துக்கொண்டிருக்கும்போது, ஏதாவது பேச வேண்டுமே என்பதற்காக அவர் ஆர்டித்திடம் சொன்னார்: "இதுக்கு ஒரு ஜோடி இருந்துச்சும்மா. உங்க ஊர்ப் பக்கத்துல, பழைய ஹோக்லண்ட் பண்ணை ஏலத்துல எடுத்தேன். கேட்டுக்கு ரெண்டு பக்கமும் ரெண்டு. ஒரே பெட்டில வந்ததுன்னு சொன்னாங்க. ஒண்ணை நான் எடுத்தேன். இன்னொண்ணை எவனோ ஒரு பெரிய தலைப் பையன் எடுத்துட்டுப் போனான்."

ஆர்டித் வெர்லினின் தலையைப் பார்த்தாள். வெர்லின் தன் தலையில் கையை வைத்துக்கொண்டான்.

ஒரு பெட்டிக்கு இரண்டு குண்டு. அடுத்தடுத்து நிரப்பியவை. கேள்வி இதில் இருந்தால் பதில் அதில்தான். நெப்ராஸ்கா எல்லை வரும்வரை வேனில் யாரும் பேசவில்லை, பின்னால் இருந்தவர்களைத் தவிர. எல்லை தாண்டியதும் வெர்லின் சொன்னான்: "நானே என் கையால அவ வாயை அடைச்சிருக்கேன், ஆர்டித்."

"அடைச்சதைச் சுரண்டிக்கலாம். முன்னாடி பார்த்து ஓட்டு."

மறுநாள் காலையில் எமிலின் பண்ணைக்குப் போனபோது அவர் மகள் ஜோலீன் முற்றத்தில் நின்றாள். களஞ்சியத்தைக் காலி செய்து விற்க வந்திருந்தாள். அப்பாவின் குண்டுகள் எல்லாம் வேலியோரம் அடுக்கியிருந்தன. "அப்பா சின்ன வயசுலேருந்து சொல்லிக் கொடுத்தது, விரல் போகாத எதையும் தொடாதேன்னு. எல்லாத்துலயும் விரல் விட்டுப் பார்த்துட்டேன். எல்லாம் சரி. ஒண்ணே ஒண்ணு, துணி போட்டு மூடி வச்சிருந்தார். பளபளன்னு, மூக்கெல்லாம் மாட்டி, மஞ்சள் கோடோட. ஓட்டையே இல்ல. நான் தொடவே இல்ல. ஷெரீப் ஆபீஸ்ல சொல்லிட்டேன். இப்பத்தான் கல்குவாரிக்கு எடுத்துட்டுப் போனாங்க."

கல்குவாரி ஹாலெக்குக்கு வெளியே, தானியக் கிடங்கைத் தாண்டி இருக்கிறது. ஷெரீப்பின் ஆள் ஹாலிஸ் என்பவன், குவாரிக்குள் குண்டை மணல் மூட்டைகளுக்கு நடுவே படுக்க வைத்து, மேலே வெடி கட்டி, கம்பியை வாசல்வரை இழுத்து வைத்துவிட்டு அங்கே நின்றான். நல்ல பையன். வெர்லின் பழுது பார்த்த பேருந்தில் பள்ளிக்கூடம் போனவன்.

"ஹாலிஸ், அது காலிடா. ஓட்டை இருக்கு. ரெண்டு இருக்கு. நான்தான் பட்டி போட்டு அடைச்சேன். ஒரு திருப்புளி கொடு, அஞ்சு நிமிஷம், நானே போய்ச் சுரண்டிக் காட்டுறேன்."

"மிஸ்டர் ஸ்டாக்டேல், நீங்க பொய் சொல்றீங்கன்னு நான் சொல்லல. அடியில எழுத்து இருக்கான்னு பார்த்தேன். அதுவும் இல்ல."

"அதையும் நான்தான் தேய்ச்சேன்."

"அப்ப நான் எதைப் பார்த்து நம்புறது சொல்லுங்க. ஓட்டையை நீங்க அடைச்சீங்க, எழுத்தை நீங்க தேய்ச்சீங்க. அடைக்கிறதுக்கு முன்னாடி உள்ள விளக்கு அடிச்சுப் பார்த்தீங்களா?"

வெர்லின் பொய் சொல்லத் தெரியாதவன். "பார்க்கல. ஓட்டை இருந்துச்சு, அதனால..." என்றான்.

"விரல் விட்டீங்களா?"

"அப்ப எனக்கு அந்த வழக்கம் தெரியாது."

ஹாலிஸ் தரையைப் பார்த்தான். "ஒருவேளை கொஞ்சம் மருந்து அடியில ஒட்டிட்டு இருந்தா? உங்களைச் சுரண்ட விட்டுட்டு நான் இவங்களுக்கு என்ன பதில் சொல்றது?" என்று ஆர்டித்தைக் காட்டினான். வெர்லின் அவனைத் தள்ளிவிட்டு உள்ளே நடக்கப் பார்த்தான். ஆர்டித்தான் அவன் சட்டையைப் பின்னாலிருந்து பிடித்துக்கொண்டாள்.

"விடு ஆர்டித். அவ உள்ள இருக்கா."

"தெரியும்."

"என்னைப் பத்தி என்ன சொன்னான்னு தெரியாமலே போயிடும்."

"தெரியாமலே போகட்டும். முப்பது வருஷமா அதோட இருந்தாச்சு, இன்னும் முப்பது வருஷம் இருந்துக்கலாம். நீ இல்லாம நான் அந்த வராந்தாவுல உக்காந்து யார்கூடப் பேசுறது?" அவள் அழுதுகொண்டே சட்டையை விடாமல் இழுத்தாள். சட்டை கிழிந்தது. அவன் நின்றுவிட்டான். ஹாலிஸ் தொப்பியைக் கழற்றி அவர்களைப் பார்த்து மன்னிப்புக் கேட்பது போலத் தலையசைத்துவிட்டுக் கம்பி முனையிலிருந்த வெடிப் பெட்டியின் பிடியைத் திருகினான்.

வெடிச் சத்தம் சிறியதாகத்தான் இருந்தது. வெடி கட்டிய அளவுக்குத்தான். உள்ளே மருந்து இல்லை என்பது அதிலேயே தெரிந்துவிட்டது என்று ஹாலிஸ் பின்னால் சொன்னான். தூசி எழுந்தது, சில கற்கள் உருண்டன, புறாக்கள் தானியக் கிடங்கிலிருந்து கிளம்பி ஒரு வட்டம் அடித்தன. பிறகு, அத்தனை வருஷம் அடைபட்டுக் கிடந்தது ஒரேயடியாகத் திறந்ததால், பேச்சு வெளியே வந்தது. குவாரியின் மூன்று பக்கக் கல்சுவரிலும் பட்டு, மேலே எழுந்து, மக்காச்சோளக் கொல்லைகளைத் தாண்டி, மாவட்டம் முழுவதும் கேட்டது. தீவனக் கடையில் கேட்டது. தேவாலயத்தின் அடித்தளத்தில் சனிக்கிழமை விருந்துக்கு உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்த பெண்கள் கத்தியோடு நிமிர்ந்தார்கள். வயல்களில் டிராக்டர்கள் நின்றன. இளம்பெண் குரல், கொஞ்சம் கரகரப்பு, சிரிப்பு உள்ளே உருண்டுகொண்டிருக்கும் குரல்.

"இருக்கே, ஒண்ணு. ஆம்பளப் பிள்ளை. தலையைப் பார்க்கணும் நீ, பூசணிக்கா தான். எந்தக் குல்லாவும் ஏறாது. அவங்க தாத்தா தலை. பேரு வெர்லின். கடிப்பான்! பாதிரியாரையே கடிச்சு வச்சுட்டான், ஞானஸ்நானத்துல. எங்க அக்கா கிட்ட விட்டிருக்கேன். மூணு வாரமாப் போகல... இந்தக் கையைப் பாரு, மருந்து ஏறி மஞ்ச மஞ்சளா. முகமும் அப்படித்தான். போன தடவை என்னைப் பார்த்துட்டு வீல்னு கத்தி அக்கா பின்னாடி போய் ஒளிஞ்சுக்கிட்டான். அதான் சோப்புப் போட்டுத் தேய்ச்சுட்டே இருக்கேன், போக மாட்டேங்குது. போனாலும் போகாட்டாலும் சரி, ரயில் பாதைக்கு அந்தப் பக்கம் ரூம் பார்த்தாச்சு. ரயில்வேக்காரர் ஒருத்தர் வீடு, அவரு பொண்டாட்டி பகல்ல பிள்ளையைப் பார்த்துக்கறேன்னு சொல்லிட்டா. வெயில் நல்லா வரும். சனிக்கிழமை போய்த் தூக்கிட்டு வந்துருவேன். கடிச்சாக் கடிக்கட்டும். ஏய் ஃபெர்ன், புனலை எடுடி, வழியுது பாரு!"

வெர்லின் கிழிந்த சட்டையோடு நின்றான். அவன் அழுதானா என்று கேட்டால், ஹாலிஸ், "எனக்குத் தெரியாது, நான்தான் அழுதுட்டிருந்தேன்" என்பான்.

ஐடா அப்போது ஹாலெக்கின் முதியோர் இல்லத்தில் இருந்தாள். ஜன்னல் திறந்திருந்தது. அன்று மாலை வெர்லின் போனபோது அவள் கட்டிலில் இல்லை, நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள், தலை வாரியிருந்தாள்.

"மஞ்சக் கையா?" என்றாள். "அதுக்காகவா வராம இருந்தா? பைத்தியக்காரி. கையுறை போட்டுட்டு வந்திருக்கலாமே."

"ஆமா பெரியம்மா."

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். நான் என்ன நினைச்சுட்டேன் தெரியுமா? அத்தனை வருஷம்..." ஜன்னலுக்கு வெளியே பார்த்தாள். "நீ நிஜமாத்தான் கத்தினே அன்னைக்கு. என் பாவாடையைப் பிடிச்சுக்கிட்டு. உன்னைப் பிடிச்சு அவ கையில கொடுத்திருக்கணும் நான். எனக்கு அன்னைக்கு உள்ளுக்குள்ள சந்தோஷமா இருந்துச்சு, பிள்ளை எங்கிட்ட ஓடி வந்துட்டானேன்னு." பிறகு, "சனிக்கிழமைன்னா சொன்னா?" என்று கேட்டாள்.

"சனிக்கிழமை."

"உன் நல்ல சட்டையைத் துவைச்சு வச்சிருப்பேனே" என்றாள் ஐடா. அவன் பெரிய தலையைத் தன் மடியில் இழுத்து வைத்துக்கொண்டாள். ஐம்பத்து மூன்று வயதில் முதல் தடவை. அந்தப் பூசணிக்காயைத் தடவிக்கொண்டே தூங்கிப்போனாள்.

ஊர் சமையலறைப் பேச்சை அன்றோடு விட்டது. யாரும் மன்னிப்புக் கேட்கவில்லை. எங்கள் ஊரில் அதற்குப் பதிலாக வாசலில் சாப்பாடு கொண்டுவந்து வைப்பார்கள். ஆர்டித்துக்கு ஒரு மாதம் அடுப்பு மூட்ட வேண்டியிருக்கவில்லை. முதல் பாத்திரம் பாதிரியார் வீட்டிலிருந்து வந்தது. வெர்லின் கடித்தது அவருடைய அப்பாவை.

குவாரிக் கல்சுவர் அந்தப் பேச்சைப் பிடித்துக்கொண்டது. வெயில் நேராக விழும் கோடை முற்பகல்களில் அது அதைத் திருப்பிச் சொல்கிறது, அன்றைக்குப் போல அவ்வளவு சத்தமாக இல்லாவிட்டாலும் தானியக் கிடங்கு வரை கேட்கிற மாதிரி. கல் உடைப்பவர்கள் இயந்திரத்தை நிறுத்திவிட்டு காபி குடிப்பார்கள்; "புனலை எடுடி" வந்ததும் மறுபடி ஓட்டுவார்கள். புதிதாகக் குடிவருகிறவர்களுக்குக் குப்பை வண்டி வரும் நாளைச் சொல்லும்போது இதையும் சொல்லிவிடுகிறோம். குழந்தைக்கு ஞானஸ்நானம் என்றால், பாதிரியார் விரலை நீட்டும் முன் கூட்டத்தில் யாராவது இருமுவார்கள்.

தேடியது கிடைத்துவிட்டதால் வெர்லின் வேனை விற்றுவிடுவான் என்று எல்லோரும் நினைத்தோம். அவனும் அப்படித்தான் நினைத்தான். ஆனால் அடுத்த கோடை தொடங்கியதும் ஆர்டித் பிளாஸ்க்கை நிரப்பிக்கொண்டு முன் இருக்கையில் போய் உட்கார்ந்துவிட்டாள்.

"எங்க கிளம்பிட்ட?"

"மொன்டானால ஒரு பள்ளிக்கூட வாசல்ல நாலு நிக்குதாம். ஃபெர்ன் எவனைக் கட்டினான்னு எனக்குத் தெரிஞ்சாகணும். நீ வரலைன்னா நானே ஓட்டிட்டுப் போறேன்."

அவன் வந்து ஏறினான். தீவனக் கடைக்காரர் ஓடிவந்து ஜன்னல் வழியாக ஒரு தொப்பியைக் கொடுத்தார். விதைக் கம்பெனிக்குத் தனியாக எழுதிப்போட்டு, இருப்பதிலேயே பெரிய அளவாக வரவழைத்தது. வெர்லின் அதை வாங்கி, கண்ணாடியில் பார்த்துக்கொண்டு, இரண்டு கையாலும் பிடித்து இழுத்தான். பின்னால் வராந்தாவில் வெயில் ஏறி, வாளி வருது, விலகுங்கடி என்று ஒருத்தி ஆரம்பித்திருந்தாள். தொப்பி ஏறவில்லை. இதைவிடப் பெரியதாகக் கம்பெனி செய்வதில்லை என்று கடைக்காரர் சொன்னார். வெர்லின் தொப்பியை வண்டியின் முன்கண்ணாடிக்கு அடியில், எல்லோருக்கும் தெரிகிற மாதிரி வைத்துக்கொண்டு வண்டியை எடுத்தான்.